செய்தித்தாள் வாசிப்புக்கு ஐந்து நிமிடத் தாமதம்

பதினொரு வருடம் நானும் யோங்நேயும் வாரா வாரம் நாலு பேர் முன்னால் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டோம். ஒரு நாளும் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. எப்படி வரும்? யார் என்ன குறை சொல்வது என்பதை முந்தின நாளே பேசி வைத்துக்கொள்வோமே.

சனிக்கிழமைக் கூட்டம் எங்கள் நாட்டில் எல்லோருக்கும் உண்டு. ஹம்ஹுங் நகரில் நாங்கள் வேலை செய்த தையல் ஆலையில் அது மதியம் மூன்று மணிக்கு, துணி வெட்டும் கூடத்தில், கட்சிச் செயலாளரம்மா முன்னால் நடக்கும். ஒவ்வொருத்தியும் நோட்டும் கையுமாக எழுந்து, தலைவரின் வாசகம் ஒன்றைப் படித்துவிட்டு, அந்த வாரம் தான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். அதோடு விட்டால் பரவாயில்லை. கூட வேலை செய்யும் ஒருத்தியின் தவறையும் சொல்ல வேண்டும். தவறே நடக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது, அதைவிடப் பெரிய தவறு கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமை வந்தால் ஆலையில் பாதிப் பேர், அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு உப்புக் கடன் கேட்டு அலைகிற மாதிரி, தவறு தேடி அலைவார்கள்.

நாங்கள் இருவரும் அலைந்ததில்லை. வேலை முடிந்து ரயில் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு நடக்கும்போதே பேசி முடித்துவிடுவோம்.

"இந்த வாரம் உனக்கு என்னடி வேணும்?" என்பாள் யோங்நே.

"ஊசி தொலைச்சதைச் சொல்லு."

"அது போன மாசமே ஆயிடுச்சு. செயலாளரம்மா எழுதி வெச்சிருப்பாங்க."

"அப்ப வேலை நேரத்துல கொட்டாவி விட்டேன்னு சொல்லு."

"எத்தனை?"

"ரெண்டு போதும். மூணு சொன்னா புரட்சிக்கே தூக்கம் வந்துரும்."

மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்று, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, என் இரண்டு கொட்டாவிகளையும் அவள் கிழிகிழியென்று கிழிப்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்குவேன். குறை ரொம்பச் சின்னதாக இருந்தால் மேலே சந்தேகம் வரும், ரொம்பப் பெரியதாக இருந்தால் மேலே கோப்பு போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு இருக்கிறது. அந்த அளவு எங்கள் இருவருக்கும் கைவந்த கலை.

என் கணவருக்கு மீன்பிடிக் கப்பலில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்து நாலு நாள் தூங்கிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் ஒன்பது வயது மகள் சோல்மியும்தான். எனக்குப் பேச்சுத் துணை என்றால் யோங்நே ஒருத்திதான். அவளுக்கு ஒரு கறை இருந்தது, அவளால் வந்த கறை இல்லை. அவளுடைய பெரியப்பா போர்க் காலத்தில் எல்லை தாண்டி, எதிரி நாடான தெற்குக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அவள் பிறப்பதற்கு முன்பே நடந்த சங்கதி. ஆனால் அவள் கோப்பில் அதுதான் முதல் பக்கம். ஒரு தவறை நான் செய்தால் கழிப்பறை கழுவ விடுவார்கள். அதே தவறை அவள் செய்தால் குடும்பத்தோடு மலைக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே போனவர்கள் திரும்பி வருவதில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் மழுப்பக் கூடாது.

அந்த நவம்பரில், கிம்ச்சி ஊறுகாய் போடும் ஞாயிற்றுக்கிழமை, அவள் எனக்கு ஒத்தாசைக்கு வந்தாள். குளிர்காலம் முழுக்கத் தின்ன வேண்டிய முட்டைக்கோஸ் அறை கொள்ளாமல் குவிந்து கிடந்தது. இருவர் கையும் முழங்கை வரை மிளகாய்ச் சிவப்பு. சோல்மியைப் பூண்டு உரிக்க உட்காரவைத்திருந்தேன். நடுவில்தான் ஞாபகம் வந்தது, மறுநாள் காலை குடியிருப்புத் தலைவி படங்களைப் பார்க்க வருகிறாள். சுவரில் இருக்கும் தலைவர் படங்களின் சட்டத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பாள். தூசு ஒட்டினால் தொலைந்தோம். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, அதற்கென்றே பெட்டியில் வைத்திருக்கும் வெள்ளைத் துணியை எடுத்து, முக்காலியில் ஏறித் துடைத்தேன். காலையில்தான் துடைத்திருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடியும். என் வாய்தான் சும்மா இருக்கவில்லை.

"என் மாமனார் ரெண்டு வருஷம் படுத்த படுக்கையா கிடந்தாரே, அந்த மனுஷனைக்கூட நான் இத்தனை தடவை துடைச்சு விட்டதில்லைடி."

யோங்நே சிரித்த சிரிப்பில் உப்புச் சட்டி கவிழ்ந்தது. "அடிப்பாவி, வாயை மூடு" என்று மிளகாய்க் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள். உதடு எரிய ஆரம்பித்ததும் அதற்கும் சேர்த்துச் சிரித்தாள். நான் முக்காலியிலிருந்து விழாமல் இறங்கியதே பெரிய காரியம்.

பத்து நாள் கழித்து, புதன்கிழமை, செயலாளரம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். எங்கள் பிரிவின் கட்சிச் செயலாளர், மா என்று பெயர், ஐம்பது வயது. சத்தம் போடுகிற ஆளாக இருந்தால் தேவலை. இவர் வெந்நீர் ஊற்றிக் கையில் கொடுப்பார்.

"உக்காருங்க தோழர் போக்சில். குளிர்ல கை வெடிச்சிருக்கா?"

"இல்லைங்க, பரவாயில்லை."

"மாமனாரை நல்லாப் பாத்துக்கிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். துடைச்செல்லாம் விட்டீங்களாமே."

கையிலிருந்த வெந்நீர் மடியில் கொட்டியது. சுட்டதா இல்லையா என்று எனக்கு ஞாபகமில்லை.

"யாருங்க..."

"யாரு சொன்னாங்கன்னு கேக்காதீங்க. உங்க எதிரி யாரும் இல்லை. உங்க மேல பிரியம் உள்ளவங்கதான்." தன் கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். "சனிக்கிழமை நீங்களே எழுந்து சொல்லிட்டா அது சுயவிமர்சனம். நாங்க எடுத்துச் சொன்னா அது வழக்கு. ஆனா முழுசா சொல்லணும். கூட யாரு இருந்தாங்க, யாரு கேட்டுட்டுச் சும்மா போனாங்க, எல்லாம். பாதியைச் சொல்லிட்டுப் பாதியை மறைக்கிறவங்களைக் காப்பாத்த என்னால ஆகாது."

"சரிங்க."

"இங்க பேசினது இந்த அறையோட. யார்கிட்டயும் கேக்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். வீட்ல பொண்ணு இருக்கு, பாத்துக்கோங்க."

வெளியே வந்து என் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்தேன். மூன்று வரிசை தள்ளி யோங்நே குனிந்து காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அன்று அந்த அறையில் அவளும் நானும்தானே இருந்தோம்? வேறு யார் சொல்லியிருக்க முடியும்? பதினொரு வருடம். எனக்கு வலி கண்டபோது மருத்துவமனை வரை என்னைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடியவள். என் வீட்டு அரிசி எந்தப் பானையில் இருக்கிறது என்று என் கணவருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். அவளா? எழுந்து போய் அவள் தலைமயிரைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. போகவில்லை. ஐம்பத்தாறு காலர் தைத்தேன்.

அப்புறம் யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. கோப்பில் கறை உள்ளவள் மற்றவர்களைவிட ஒரு படி அதிகமாக விசுவாசம் காட்ட வேண்டும். அந்தப் பேச்சை நான் வேறு எங்காவது உளறி, கூட இருந்தவள் யார் என்று அவர்கள் கேட்டால், முதலில் போகிறது அவள் குடும்பம்தான். அதனால் முந்திக்கொண்டாள். இரண்டு பெண் பிள்ளைகள் அவளுக்கு. நானாக இருந்தாலும் முந்தியிருப்பேனோ என்னவோ. ஆனால் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே, கழுதை. 'போக்சில், எனக்குப் பயமா இருக்குடி, நான் சொல்லப் போறேன்' என்று பாலத்தின் மேல் வைத்துச் சொல்லியிருக்கலாமே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வழக்கம் போல வாசலில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். பாலத்தில் ஏறியதும் சட்டைக்குள்ளிருந்து தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்து என் பைக்குள் திணித்தாள். இரண்டு கருவாடு.

"எதுக்கு இது?"

"சோல்மிக்கு. எங்க வீட்டுக்காரருக்கு ரயில்வேயில கொடுத்தாங்க. புள்ள எலும்பும் தோலுமா இருக்கா."

குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். அவள் எத்தனையோ தடவை இப்படிக் கொடுத்திருக்கிறாள், நானும் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அது எனக்குக் குற்ற உணர்ச்சியாகத்தான் தெரிந்தது.

"என்னடி, மூணு நாளா மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

ஆழம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். "பல்வலி" என்றேன்.

"கிராம்பு வை. சரி, நாளைக்கு நான் உன்னை என்ன சொல்லட்டும்? செவ்வாக்கிழமை செய்தித்தாள் வாசிப்புக்கு அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தியே, அதைச் சொல்லட்டுமா?"

"சொல்லு."

"என்னைக் கத்திரிக்கோல் சொல்லு. எடுத்த இடத்துல வைக்கலைன்னு. உண்மையாவே வைக்கலை."

"சரி" என்றேன்.

கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். 'நீயாடி சொன்னே?' இரண்டே வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. அவள்தான் சொன்னவள் என்றால் நான் கேட்டதையும் போய்ச் சொல்வாள், கேட்காதே என்று செயலாளரம்மா சொன்ன பிறகும் கேட்டேன் என்று ஆகும். அவள் சொல்லவில்லை என்றால்? அந்தப் பக்கம் என் மனசு போகவே மறுத்தது. பாலம் முடிந்ததும் அவள் இடது பக்கம் போனாள், நான் வலது பக்கம் போனேன்.

சனிக்கிழமை நாற்பது பெண்கள் துணிக் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். வரிசையில் யோங்நேயின் இடத்துக்கு முந்தினது என் இடம். எழுந்தேன். வாசகத்தைப் படித்தேன். என் மாமனார் கதையைச் சொன்னேன், எந்தப் படத்தைத் துடைக்கும்போது சொன்னேன் என்பதையும் சொன்னேன். செயலாளரம்மா தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார், அவருக்குத் தெரிந்த கதைதானே. பிறகு விமர்சனத்துக்கு வந்தேன்.

"தோழர் யோங்நே அப்போ என் கூட இருந்தாங்க. கேட்டுட்டுக் கண்டிக்கலை. சிரிச்சாங்க. மேல தெரிவிக்கவும் இல்லை."

பேனா நின்றது. செயலாளரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு?"

அந்தக் குரலில் நடிப்பு இல்லை. மனிதர்கள் தெரிந்துகொண்டு கேட்பதும் தெரியாமல் கேட்பதும் எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடப் புரியும். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. யோங்நே அங்கே இருந்ததே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"தோழர் யோங்நேயா? தெளிவாச் சொல்லுங்க, எழுதிக்கணும்."

அப்போதுகூட மாற்றியிருக்கலாம். தப்பாகச் சொல்லிவிட்டேன், அவள் வாசலில் முட்டைக்கோஸ் கழுவிக்கொண்டிருந்தாள், காதில் விழுந்திருக்காது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். இப்போது மாற்றினால் பொய்க்காரி ஆவேன், பாதியை மறைக்கிறவள் ஆவேன், வீட்டில் சோல்மி இருக்கிறாள். இரண்டாவது தடவையும் அவள் பெயரைச் சொன்னேன். முதல் தடவையைவிடத் தெளிவாகச் சொன்னேன்.

உட்கார்ந்ததும் யோங்நே எழுந்தாள். நோட்டைத் திறந்தாள். வாசகத்தைப் படித்தாள். கத்திரிக்கோலைப் பற்றிச் சொன்னாள். பிறகு, தோழர் போக்சில் சொன்னது உண்மை, நான் இருந்தேன், சிரித்தேன் என்றாள்.

"தோழர் போக்சில் மேல உங்க விமர்சனம்?" என்று செயலாளரம்மா கேட்டார்.

எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் மேல் நான் பேசாத பேச்சா? ரேஷனைப் பற்றி, ஊர்வலத்தைப் பற்றி, இதே செயலாளரம்மாவின் நடையைப் பற்றி. ஒன்றை எடுத்து வீசினால் போதும், எனக்கும் மலைதான். அவள் தன்னைக் கொஞ்சம் காப்பாற்றிக்கொள்ளவும் அது உதவியிருக்கும்.

"தோழர் போக்சில் செவ்வாய்க்கிழமை செய்தித்தாள் வாசிப்புக்கு அஞ்சு நிமிஷம் தாமதமா வந்தாங்க. இது ஒழுங்குக் குறைவு. திருத்திக்கணும்னு கேட்டுக்கறேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

உட்கார்ந்தாள். கூட்டம் முடியும் வரை நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. சோல்மி அடுப்புக்குப் பக்கத்தில் படுத்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளியிலும் சனிக்கிழமை கூட்டம் உண்டு, அவளுக்கு அந்த வருடம்தான் தொடங்கியிருந்தது.

"அம்மா, இன்னைக்கு எனக்கு யாரும் கை தட்டலை" என்றாள். "போன வாரம்தான் தட்டினாங்க."

"போன வாரம் எதுக்குத் தட்டினாங்க?"

"நான் சிரிச்சதைச் சொன்னேன்ல, அதுக்கு. தாத்தாவைத் துடைச்சதைப் பத்தி நீ சொன்னப்ப நானும் சிரிச்சேன்ல? அது தப்புதானே? டீச்சர் அப்படி என்ன சொன்னாங்க அம்மான்னு கேட்டாங்க. சொன்னேன்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"யோங்நே சித்தி இருந்ததைச் சொன்னியா?"

"ஐயே, சொல்லுவேனா? நீதானே சொன்னே, அடுத்தவங்களை மாட்டிவிடாதே, உன் தப்பை மட்டும் சொல்லுன்னு."

கையை ஓங்கிவிட்டேன். குழந்தை கண்ணை மூடிக்கொண்டாள். எதற்காக அடிப்பது? நான் சொல்லிக்கொடுத்தபடி நடந்ததற்கா? என் வீட்டில் அன்றைக்கு இருந்த இரண்டு பேரில் யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்தவள் நான் ஒருத்திதான். கையை இறக்கி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, கை தட்டியதைப் பற்றி இனி யாரிடமும் பேசக் கூடாது, யோங்நே சித்தி வீட்டுப் பிள்ளைகளிடம்கூடப் பேசக் கூடாது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். கேட்கக் கூடாது என்றேன். செயலாளரம்மாவின் குரல் மாதிரியே மெதுவாகத்தான் சொன்னேன்.

எனக்கு மூன்று மாதம் கொதிகலனுக்குக் கரி அள்ளும் வேலை கொடுத்தார்கள். யோங்நேயை மறுவாரம் முதல் ஆலையில் காணவில்லை. மூன்றாவது வாரம், டிசம்பர் நடுவில், ஒரு காலை எட்டு மணிக்கு அவர்கள் குடியிருப்பின் முன் லாரி வந்து நின்றது. எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தன. இந்த மாதிரி லாரி வந்தால் யாரும் வெளியே வர மாட்டார்கள். நான் தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துக் குழாய்க்குப் போகிறவளைப் போலப் போனேன்.

அவள் கணவர் போர்வை மூட்டையை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெண் பிள்ளைகள் இரண்டும் ஏற்கெனவே மேலே உட்கார்ந்திருந்தன. காவலர் ஒருவர் தூரத்தில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். யோங்நே கிம்ச்சிப் பானைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவள், நிமிராமலே பேசினாள்.

"நான்தான் சொன்னேன்னு நெனச்சே. இல்லையா?"

"ஆமா."

"யாரோ உன்கிட்ட அப்படிச் சொன்னாங்களா?"

"இல்லை. நானா நெனச்சேன்."

"பாலத்துல என்னைக் கேட்டிருக்கலாமேடி."

எனக்கு அழுகை வந்தது. "நீ சொல்லலைன்னு இப்பத் தெரியும்" என்றேன். "சத்தியமாத் தெரியும்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனைக்குப் பிறகும் அந்த முகத்தில் ஒரு ஆசை வந்ததைப் பார்த்தேன். போகிற இடத்துக்கு எடுத்துக்கொண்டு போக ஏதாவது ஒன்று கிடைக்காதா என்கிற ஆசை.

"எப்படித் தெரியும்? யாரு சொன்னது? அதையாவது சொல்லு. அங்க போய் ஒவ்வொருத்தர் மூஞ்சியா நெனச்சு நெனச்சுச் சாக வேண்டாம்."

சோல்மி என்று சொன்னால் போதும். குழந்தை தெரியாமல் செய்தது என்றால் அவள் புரிந்துகொள்வாள். சோல்மி பிறந்தபோது முதலில் தூக்கியது அவள்தான். ஆனால் போகிற இடத்தில் அவளிடம் கேள்வி கேட்பார்கள். அடிப்பார்கள். பேச ஒரு பெயர் கையில் இருந்தால் அவள் அதைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? அவளுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. நாற்பது பேர் முன்னால் என்னைக் காப்பாற்றியவளைப் பற்றித்தான் இதை நினைத்துக்கொண்டு நின்றேன்.

"சும்மா... தெரிஞ்சுது" என்றேன்.

அவள் கயிற்றின் முடிச்சை இழுத்து இறுக்கினாள்.

"இப்பக்கூட என்கிட்ட உனக்குப் பயமா?"

காவலர் சிகரெட்டைப் போட்டு மிதித்துவிட்டு எங்களைப் பார்த்து நடந்து வந்தார். நான் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன். ஆமாம், பயமாகத்தான் இருந்தது.